ஃபஸ் பெடலை விற்கும் முன் வால்யூமைக் குறையுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் கையே படாத பாகம் ஒன்று உண்டென்றால் அது வால்யூம் குமிழ்தான். வாங்கிய அன்று 10-இல் வைத்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சத்தம் போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரைத் திருகுகிறார்கள். அதிகமாகிவிட்டால் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கை காட்டுகிறார்கள். ஃபஸ் பெடல் வைத்து வாசிக்கும் பிள்ளைகளோடு நான் போடும் சண்டை முழுவதும் இந்த ஒரு குமிழுக்காகத்தான்.

மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பது என் தொழில். மீதி நேரத்தில், சென்னையில் என் வீட்டுப் பின்னறையில் பெடல்களைப் பழுது பார்க்கிறேன். கேட்பவர்களுக்குச் செய்தும் தருகிறேன். வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். “வீடியோல கேட்டது வேற அக்கா, என் கையில வர்றது வேற. கொசு கத்துது. இதைக் குடுத்துட்டு இன்னும் நல்லதா ஒண்ணு வாங்கிடலாமா?” திறந்து பார்த்தால் பெடலில் ஒரு பழுதும் இருக்காது.

ஃபஸ் என்பது, தந்தியின் அதிர்விலிருந்து வரும் மின்னலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் உச்சியையும் அடியையும் தட்டையாக வெட்டிவிடும் ஒரு சின்னச் சுற்று. வளைந்து வந்த அலை ஏறக்குறையச் சதுரமாக வெளியே போகிறது. மூலச் சுரத்தோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. மெல்ல மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் அலையின் உயரம் ஒன்றுதான் என்பதால், கிட்டாருக்கு இயல்பில் இல்லாத நீளத்துக்குச் சுரம் நிற்கிறது.

இதற்காக 1966-இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலில் இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு குமிழ். மொத்தம் பதினொரு பாகம், 9 வோல்ட் பேட்டரி ஒன்று. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்த வட்டப் பெட்டி இதுதான். இவ்வளவு எளிய சுற்றுக்குள் அவ்வளவு பெரிய ஒலி முழுவதும் அடங்கியிருக்க வழியில்லை. பாதிக்கு மேல் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப், வால்யூம் குமிழ், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், வாசிக்கிற கை எல்லாம் சேர்ந்துதான் ஃபஸ். அதனால்தான் பெடலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு என்கிறேன்.

இந்த ஒலியின் பிறப்பே ஒரு பழுதில்தான். 1960-இன் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடல் பதிவானது. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பாஸ் வாசித்தார். அவருடைய ஒலி போன சேனலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய், பாஸின் ஒலி கிழிந்து உறுமலாக வந்தது. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். 1961-இல் அந்தப் பாட்டு கன்ட்ரி இசை வரிசையில் முதலிடத்துக்குப் போனது. பதிவைக் கவனித்த பொறியாளர் கிளென் ஸ்நாடி அந்த உறுமலை டிரான்சிஸ்டரில் கொண்டுவர முனைந்தார். ரெவிஸ் ஹாப்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து ஒரு சுற்றை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது.

கிப்சன் அதை விளம்பரப்படுத்திய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கிட்டாரையும் பாஸையும் டிரம்பெட்டாகவும் டியூபாவாகவும் ஒலிக்கச் செய்யும் கருவி என்றுதான் விற்றார்கள். கடைகள் முதலில் வாங்கி அடுக்கின. பிறகு கேட்க ஆளில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பாடலைப் பதிவு செய்தபோது கீத் ரிச்சர்ட்ஸ் அந்தப் பெடலை மிதித்தது, பின்னால் சேர்க்க நினைத்த பித்தளை வாத்தியங்களுக்கு ஓர் அடையாளமாகத்தான். பித்தளை வரவேயில்லை. பெடலின் ஒலியே இசைத்தட்டில் வந்தது. ஆண்டு முடிவதற்குள் தேங்கிக் கிடந்த ஃபஸ்-டோன் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அந்தப் புகழ்பெற்ற ஆரம்ப இசைத்துணுக்கில் இருப்பவை மூன்றே சுரங்கள். ஒரு நேரத்தில் ஒரே சுரம். பல சுரம் சேர்ந்த கார்டு ஒன்றுகூடக் கிடையாது. அது ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குமிழ். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் மின்னலைக்கு அது காட்டும் தடை, வழக்கமாகப் பத்து லட்சம் ஓம். பிக்கப்பிடமிருந்து அது மின்னோட்டம் ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. ஒதுங்கி நின்று கேட்டுக்கொள்கிறது. ஃபஸ் ஃபேஸின் உள்ளீடு சில ஆயிரம் ஓம் மட்டுமே. பிக்கப்பின் கழுத்தைப் பிடித்து இழுக்கிறது என்றே சொல்லலாம். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருக்கும் அந்தச் செம்புக் கம்பிச் சுருளே பெடலின் பன்னிரண்டாவது பாகமாகிவிடுகிறது. அதன் தூண்டல் மேல்சுரங்களின் கூர்மையைத் தின்று ஒலியைத் தடிமனாக்குகிறது.

இப்போது வால்யூமை 10-இலிருந்து 7-க்கு இறக்கினால், பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவே பல்லாயிரம் ஓம் தடை வந்து உட்காருகிறது. பெடலுக்குள் போகும் மின்னலை சட்டென்று வலுவிழக்கிறது. உறுமல் பாதியாகி, சுரத்துக்கு ஒரு மெல்லிய சொரசொரப்பு வருகிறது. 4-க்குப் போனால் கரகரப்பே போய்விடும். ஆனால் ஒலி மங்காது. பெடலை அணைத்துவிட்டு வாசிப்பதைவிட மினுமினுப்பான ஒரு சுத்த ஒலி கிடைக்கும். ஹெண்ட்ரிக்ஸின் மேடைப் பதிவுகளில் ஒரே பாட்டுக்குள் மணிச்சத்தமும் இடிச்சத்தமும் மாறி மாறி வருவதற்கு இந்தச் சுண்டுவிரல் வேலை ஒரு பெரிய காரணம்.

ஆகவே நான் சொல்லும் முறை இது. பெடலில் ஃபஸ் குமிழை முழுவதும் திருப்பி, ஒரு மயிரிழை பின்னால் வாருங்கள். பெடலின் வால்யூமை, அணைத்திருக்கும்போது கேட்கும் சத்தத்தைவிடச் சற்று மேலே வையுங்கள்; ஆம்ப்ளிஃபயரைத் தள்ளுவது அதுதான். கிட்டாரின் வால்யூமை 6, 7-இல் வைத்து, அதையே உங்கள் வீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சோலோ வந்தால் மேலே மூன்று படி மிச்சம் இருக்கிறது. சரணத்தில் பாடுபவர் வந்ததும் கீழே நான்கு படி இருக்கிறது. இதைக் கையில் பழக்கிக்கொள்ளாமல் அடுத்த பெடலுக்குப் பணம் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நம் ஊரில் அது சின்னத் தொகை இல்லை. பல பிள்ளைகளுக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

இந்த உறவை ஒரே அடியில் கெடுக்கும் பொருள்கள் மூன்று: ட்யூனர் பெடல், வயர்லெஸ், வா-வா பெடல். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் ட்யூனருக்குப் போய், பிறகு ஃபஸ்ஸுக்குப் போவதுதான் பலர் வைக்கும் வரிசை. பல ட்யூனர்களுக்குள் பஃபர் என்ற சின்னப் பெருக்கி உண்டு, அணைத்திருந்தாலும் வேலை செய்யும். அது நடுவில் வந்துவிட்டால் பெடலுக்கு உங்கள் பிக்கப்பைத் தெரியாது, பஃபரை மட்டுமே தெரியும். வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு எளிதில் விலகாது, ஒலி சிறுத்து மட்டும் போகும். மேல்சுரங்கள் காதைக் குத்தும். அந்தக் கொசுச் சத்தத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். ஃபஸ்ஸை முதலில் வையுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வயர்லெஸ் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, ரிசீவருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரையும் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் சுருளையும் தொடராக வைத்துக் கொடுக்கிறேன். பிக்கப் இருக்கிறது என்று பெடலை நம்பவைக்கும் வேலை அது. அதிகச் செலவில்லை.

அடுத்தது வெயில். சென்னையில் ஃபஸ் வாசிக்கும் எவரும் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

ஆரம்ப கால ஃபஸ் பெடல்களில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். மென்மையாக வெட்டும், வால்யூமைக் குறைத்தால் அழகாகத் தெளியும். ஆனால் அவற்றில் வேண்டாத மின்னோட்டம் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரு மடங்காகும். லண்டனின் குளிர் அறைக்குச் சரிசெய்த பெடலை மே மாதத்தில் திறந்தவெளி மேடையில் வைத்தால் அதன் நடுநிலை நகர்ந்துவிடும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 9 வோல்ட்டில் பாதி, அதாவது 4.5 வோல்ட் அளவில் நின்றால் அலையின் மேலும் கீழும் சீராக வெட்டுப்படும். விலகினால் சுரம் இருமும், சீக்கிரமே அறுந்து போகும். தம்பூராவில் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் நூலை நகர்த்தி ஜீவா பிடிக்கிறார்களே, அந்த அளவுக்குப் பொறுமை கேட்கும் வேலை இது. ஒரு நூலிழை இந்தப் பக்கம் போனால் ரீங்காரம், அந்தப் பக்கம் போனால் மொண்ணை.

இதற்கு நான் செய்வது எளிது. சுற்றில் நிலையாக இருக்கும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக திருப்பி மாற்றக்கூடிய ஒரு பிரீசெட் ரெசிஸ்டர் போட்டு, அதன் குமிழைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடுவேன். மேடையில் ஏறியதும் ஒரு சுரத்தை நீளமாக நிறுத்தி, அது அறாமல் தேயும் இடம்வரை திருப்பிக்கொண்டால் போதும். பெடலை மேடை விளக்குக்கு நேர் கீழே வைக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்புவேன்.

ஜெர்மானியத்துக்காக வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுவதையும் நான் ஆதரிப்பதில்லை. ஃபஸ் ஃபேஸில் இருந்த என்கேடி275 என்ற எண்ணைப் பார்த்தாலே சிலர் என்ன விலையும் கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களிலேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைத் தயாரித்தது. நம் தாத்தாக்கள் செய்தி கேட்ட டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டியவற்றுள் ஏசி128 என்ற வகை உண்டு, இரண்டிரண்டாக இருக்கும். லண்டனில் ஆரம்ப கால ஃபஸ் ஃபேஸ் சிலவற்றில் வைத்ததும் இதே ஏசி128 எண்தான். ஓடாத ரேடியோவை எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்பது அதனால்தான். ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் வைத்திருக்கும் கடைகளில் தேடினாலும் கிடைக்கும்.

கிடைத்ததெல்லாம் ஆகாது. அளந்து பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஜெர்மானியத்தின் பெருக்கத்தைக் கூட்டித்தான் காட்டும். கசிவையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. முதலில் கசிவைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். 300 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கசிவதை நான் ஒதுக்கிவிடுவேன். மிச்சமானதில் பெருக்கம் 70-ஐ ஒட்டி இருப்பதை முதல் இடத்திலும், 110, 120 இருப்பதை இரண்டாவது இடத்திலும் வைப்பேன். அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் தொடக் கூடாது. உடம்புச் சூட்டிலேயே எண் ஏறிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

திறந்தவெளிக் கச்சேரியே பிழைப்பு என்றால் சிலிக்கான் போதும். ஃபஸ் ஃபேஸே சில ஆண்டுகளில் பிசி108 என்ற சிலிக்கானுக்கு மாறியது. வெயில் அதை அசைப்பதில்லை. ஒலி கூர்மை, பெருக்கம் அதிகம். கிட்டாரின் டோன் குமிழைக் கொஞ்சம் இறக்கினால் அடங்கிவிடும். அந்தக் குடும்பத்து டிரான்சிஸ்டர் இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜெர்மானியம் உசத்தி, சிலிக்கான் மட்டம் என்று பேசுபவர்களோடு நான் உடன்படுவதில்லை.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெடல்கள் குடிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும். ஆனால் உள்ளே போகும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ஜெர்மானியம் பெடல்களில் பேட்டரியின் நேர்முனைதான் தரையில் இணைந்திருக்கும். அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட் ஆகும்.

இப்போது கார்டு விஷயம். ஃபஸ்ஸில் முழு கார்டு வாசித்தால் சேறாகிறது என்று பலர் வருந்துகிறார்கள். அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு சுரங்களைச் சேர்த்து அலையை வெட்டும்போது, அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் மூன்றாவது சுரமாகப் பிறக்கும். சட்ஜமும் பஞ்சமமும் 2-க்கு 3 என்ற விகிதம். வித்தியாசம் 1, அதாவது கீழ் ஸ்தாயிச் சட்ஜம். அதனால்தான் ஸ-ப இரண்டை மட்டும் அடித்தால் ஃபஸ்ஸில் ஒரு கோபுரமே எழுகிறது. சட்ஜமும் அந்தர காந்தாரமும் 4-க்கு 5. அதன் வித்தியாசமும் சட்ஜம்தான், இரண்டு ஸ்தாயி கீழே. ஆனால் கிட்டாரின் மெட்டுகளில் கிடைக்கும் காந்தாரம் இயற்கைக் காந்தாரத்தைவிடச் சற்று உயர்ந்தது. அந்தச் சிறு உயர்வு, பிறக்கும் வித்தியாசச் சுரத்தில் பெரிதாகி, அரைச் சுரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தள்ளிப்போய் நிற்கிறது. சட்ஜமும் இல்லாத, அடுத்த சுரமும் இல்லாத ஓர் உறுமல் அடியில் ஓடுகிறது. நாம் சேறு என்பது அதைத்தான்.

ஆகவே ஃபஸ் போட்டால் காந்தாரத்தை விட்டுவிடுங்கள், பாடுபவரோ கீபோர்டோ அதைப் பார்த்துக்கொள்வார்கள். ஒற்றைச் சுரம், ஸ்தாயி ஜோடி, ஸ-ப. இவை மூன்றே போதும் என்பதற்கு 1965-இன் அந்த மூன்று சுரங்களே சாட்சி. கார்டு வேண்டும் என்றால் வால்யூமை 4-க்கு இறக்குங்கள். வெட்டு நின்றதும் கார்டு பிரிந்து கேட்கும்.

வேறு வகை ஃபஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் மைக் மாத்யூஸின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த பிக் மஃப் நான்கு டிரான்சிஸ்டர் கொண்டது. சுரம் இன்னும் நீண்டு நிற்கும். தனியாக வாசித்தால் அறையே நிறையும், குழு சேர்ந்ததும் காணாமல் போகும். அதன் டோன் பகுதி நடு அதிர்வெண்களைப் பள்ளமாக்கிவிடுவதே காரணம். பாட்டும் கிட்டாரும் காதுக்கு எட்டுவது அந்த நடுவில்தான். ஆம்ப்ளிஃபயரில் மிடில் குமிழை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் பிக் மஃப்பைச் சுத்தமான, சக்தி மிகுந்த ஹைவாட் ஆம்ப்ளிஃபயர்களில்தான் வாசித்தார்.

கடைசியாக, மேடையும் ஒலிபெருக்கிக்காரர்களும். நம் ஊர்க் கச்சேரிகளில் கிட்டாரை நேரே மிக்சரில் செருகுவதுதான் வழக்கம். “லைன்ல போட்டுக்கங்க, ஆம்ப்ளிஃபயரெல்லாம் மேடையில வேணாம்” என்பார்கள். கீபோர்டுக்கு அது சரி. ஃபஸ்ஸுக்கு அது கொலை. கிட்டாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக விழுந்துவிடும். ஃபஸ் உண்டாக்கும் முரட்டு மேல்சுரங்களை அந்தக் காகிதக் கூம்புதான் வடிகட்டுகிறது. ஃபஸ் பெடல்கள் பிறந்த நாளிலிருந்து அந்த ஸ்பீக்கரை நம்பித்தான் வாழ்கின்றன. மேடைப் பெட்டிகளின் ட்வீட்டர் 15,000 ஹெர்ட்ஸ்வரை எல்லாவற்றையும் விசுவாசமாகக் கொட்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெடலும் அதில் கத்தத்தான் செய்யும். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், குழுத்தலைவர் அடுத்த கச்சேரிக்கு அந்தப் பெடலைக் கொண்டுவராதே என்பார். ஃபஸ் கிட்டாரை இரைச்சல் என்று ஒதுக்குபவர்களில் பலர் சரியாக ஒலித்த ஃபஸ்ஸை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

விழாக்குழுக்களிடமும் ஒலி அமைப்பாளர்களிடமும் நான் கேட்பது பெரிய செலவில்லை. மேடையின் ஓரத்தில் 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஒரு ஆம்ப்ளிஃபயர், 15, 20 வாட் போதும். அதன் கூம்பின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில், துணியை ஒட்டினாற்போல் ஒரு சாதாரண டைனமிக் மைக். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதே போதும். நடுவுக்குப் போனால் கூர்மை ஏறும், விளிம்புக்குப் போனால் மங்கும். சவுண்ட் செக்கில் ஐந்து நிமிடம் கொடுத்தால் வாசிப்பவரே இடம் சொல்லிவிடுவார். ஆம்ப்ளிஃபயருக்கு வழியே இல்லாத மேடையில், பெடல்களுக்கெல்லாம் கடைசியாக ஒரு கேபினெட் சிமுலேட்டர் வைக்க அனுமதியுங்கள். அதுவும் இல்லையென்றால் கிட்டார் சேனலில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.